கேஷுவாலிட்டிக்கு வரும் நாளமில்லாச் சுரப்பிகள்

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சந்திப்பின் இரண்டாம் நாள் காலை அமர்வில் ஆற்றிய உரை)



செயலாளர் எனக்கு 20 நிமிஷம் கொடுத்திருக்கிறார். "அவசர சிகிச்சைப் பிரிவில் நோயாளியை மதிப்பிடுதலும் நாளமில்லாச் சுரப்பிக் கோளாறுகளைக் கண்டறிதலும்" என்று அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்ததும் எனக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. கண், தோல், எலும்பு என்று போய்விட்ட நண்பர்கள் 'இது நமக்கில்லை, ஒரு தூக்கம் போடலாம்' என்று நினைத்திருப்பீர்கள். ரயிலில் நடுராத்திரி ஒருவர் மயங்கி விழுகிறார், டி.டி.ஆர். வந்து "டாக்டர் யாராவது இருக்கீங்களா?" என்று கேட்கிறார். அப்போது 'நான் கண் டாக்டர்' என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ள முடியுமா? அதனால் நீங்களும் கொஞ்சம் கேளுங்கள்.

நான் பாடம் நடத்தப் போவதில்லை. பாடப்புத்தகம் மாணவர்களிடம் இருக்கிறது, என்னைவிட அவர்களுக்கு நன்றாக ஞாபகமும் இருக்கும். நான் சொல்லப்போவது நான் கோட்டைவிட்ட ஒரு கேஸ், தப்பித்த ஒன்றிரண்டு கேஸ்கள்.

1986-ஆம் வருடம். நான் ஹவுஸ் சர்ஜன். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். தப்பு ஆஸ்பத்திரியுடையது அல்ல, என்னுடையது. ராத்திரி பதினொன்றரை இருக்கும். இரண்டு கான்ஸ்டபிள்கள் ஒருவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து பெஞ்சில் போட்டார்கள். நாற்பது நாற்பத்தைந்து வயது, நகக்கண்ணில் எல்லாம் சிமென்ட். கொத்தனார் என்று பார்த்தாலே தெரிந்தது. பஸ் ஸ்டாண்டில் யாரோடோ தகராறாம், கை ஓங்கினாராம், அப்புறம் கீழே விழுந்துவிட்டாராம். குனிந்தால் சாராய நெடி. "குடிச்சிட்டுக் கிடக்கான் சார், காலையில தெளிஞ்சிரும்" என்றார் ஒரு கான்ஸ்டபிள். நானும் கேஸ் ஷீட்டில் 'ஆல்கஹாலிக் இன்டாக்ஸிகேஷன், அப்ஸர்வ்' என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டேன்.

அன்றைக்கு நைட் டியூட்டியில் இருந்த சிஸ்டருக்கு என் அம்மா வயது. ஒரு மணி நேரம் கழித்து வந்து, "டாக்டர், அந்தப் பேஷன்ட்டுக்கு வேர்வை ஊத்துதே, கை சில்லுனு இருக்கே" என்றார். "ஏப்ரல் மாசம் சிஸ்டர், எனக்கும்தான் ஊத்துது" என்றேன் நான். அந்தப் பதிலை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

விடியற்காலை ஐந்தரைக்கு அவருக்கு வலிப்பு வந்தது. ஆறு மணிக்கு அவர் மனைவி தேடிப்பிடித்து வந்து சேர்ந்தார்கள். கையில் ஒரு தூக்குவாளி. "சுகருக்கு மாத்திரை சாப்பிடுறாக டாக்டரய்யா. நேத்து மத்தியானச் சோறு அப்படியே இருக்கு, தொடவே இல்ல" என்றார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ராத்திரியில் லேப் கிடையாது, விரலில் குத்திப் பார்க்கிற மீட்டரும் கிடையாது. ஆனால் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஆம்பூல் என் தலைக்குப் பின்னால் இருந்த அலமாரியிலேயே ராத்திரி முழுக்க இருந்தது. நான்கு ஆம்பூல் ஏற்றினோம். வலிப்பு நின்றது, கண்ணும் திறந்தது. ஆனால் ஆறு மணி நேரம் சர்க்கரை இல்லாமல் கிடந்த மூளை அது. 19 நாள் வார்டில் இருந்தார். ஒருநாள் மனைவி அவருடைய தூக்குக்குண்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்துப் பார்த்தார்கள், தொழில் சாமானைப் பார்த்தாலாவது ஞாபகம் வராதா என்று. திருப்பித் திருப்பிப் பார்த்தார், அவ்வளவுதான். அப்படியே வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள்.

மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் குடித்திருந்தார் என்பது பொய்யில்லை. நான் எழுதியது தப்பான பதில் இல்லை, பாதிப் பதில். அது கிடைத்ததும் நான் தேடுவதை நிறுத்திவிட்டேன். வெறும் வயிற்றில் போகும் சாராயம், கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் தயாரிப்பதைத் தடுக்கிறது. ஏற்கெனவே உள்ளே இருக்கிற கிளிபென்கிளமைடு மாத்திரை இன்சுலினைச் சுரக்கவைத்துக்கொண்டே இருக்கிறது. இரண்டும் ஒருவர் உடம்பிலேயே நடந்துகொண்டிருந்தது. தகராறு, உளறல், தள்ளாட்டம் இதெல்லாம் மூளைக்குச் சர்க்கரை போதாததாலும் வரும், குடியாலும் வரும். குளிர்ந்த வேர்வை மட்டும் எனக்கு உண்மையைச் சொல்லிப் பார்த்தது. அதற்கும் நான் ஏப்ரல் மாதத்தைக் காரணம் காட்டினேன்.

இன்றைக்கு நிலைமை வேறு. 2008-இல் நம் மாநிலத்துக்கு 108 வந்தது. மீட்டர் எங்கும் கிடைக்கிறது. ஏ, பி, சி என்று மூச்சுவழி, மூச்சு, ரத்த ஓட்டம் பார்த்ததும் அடுத்து வரும் எழுத்துகளுக்கு ஒரு விளக்கம் சொல்வார்கள்: டி, ஈ, எஃப், ஜி என்றால் 'டோன்ட் எவர் ஃபர்கெட் க்ளூக்கோஸ்'. விளையாட்டாகச் சொன்னாலும் வேண்டிய விஷயம். ஒருபக்கம் கை கால் விழுந்து, வாய் கோணி வருகிறவருக்குக்கூடச் சர்க்கரைக் குறைவாக இருக்கலாம். அதனால்தான் பக்கவாதத்துக்குக் கட்டி கரைக்கும் ஊசி போடும் முன் எந்த ரிசல்ட்டுக்கும் காத்திருக்காவிட்டாலும் சர்க்கரையை மட்டும் பார்த்தே ஆகவேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். மீட்டரில் 70-க்குக் கீழே என்றால் குறைவு, 54-க்குக் கீழே என்றால் ஆபத்து. நினைவு இருந்தால் வாய் வழியாக 15 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன் சர்க்கரை. நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

இதில் இரண்டு நுணுக்கம். வோக்ளிபோஸ் கலந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வீட்டுச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது, ஏனென்றால் அந்த மருந்தே அது செரிப்பதைத் தடுப்பதற்குத்தான். அவருக்குக் குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். இன்னொன்று, மாத்திரையால் சர்க்கரை இறங்கியவர் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டதும் வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். சிறுநீரகம் பழுதானவராக இருந்தால் இன்னும் மோசம், வீட்டுக்குப் போய் மறுபடி விழுவார். குறைந்தது ஒரு நாளாவது வைத்துப் பாருங்கள்.

சரி, அந்தச் சிஸ்டருக்கு எப்படித் தெரிந்தது? கையைப் பிடித்துப் பார்த்தார், அவ்வளவுதான். அன்றிலிருந்து எனக்கு ஒரு வழக்கம். நோயாளி எந்தக் கோலத்தில் வந்தாலும் முதலில் கையைப் பிடிப்பேன். பக்கத்தில் நிற்பவர்கள் டாக்டர் ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். நினைக்கட்டும். குளிர்ந்து நனைந்த கை என்றால் சர்க்கரை இறங்கியிருக்கிறதா பார். சூடாக, ஈரமாக, விரல்கள் நடுங்கி, நாடி ஒழுங்கில்லாமல் ஓடினால் தைராய்டு மிகுதியா என்று கழுத்தைப் பார். சொரசொரப்பாக, ஜில்லென்று, நாடி ஐம்பதுக்குக் கீழே இருந்தால் தைராய்டு குறைவா என்று குதிகாலில் சுத்தியலால் தட்டிப் பார். பாதம் அசைந்து திரும்பிவர மெதுவாக நேரம் எடுத்துக்கொள்ளும். அப்படியே உள்ளங்கையைத் திருப்பி ரேகைகளைப் பார். ரேகை கறுத்திருக்கிறதா? ஈறும் கன்னத்தின் உள்பக்கமும் கறுத்திருக்கிறதா? நம் ஊரில் இயல்பாகவே பலருக்கு ஈறு கறுப்புத்தான். அதனால் எப்போதிலிருந்து என்று கேட்க வேண்டும். நான் பழைய ரேஷன் கார்டு போட்டோவைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்ததுண்டு. லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் தாமஸ் அடிசன் 1855-இல் இந்த நிறமாற்றத்தை வைத்துத்தான் அட்ரீனல் சுரப்பி பழுதானதைச் சொன்னார். அவர் பார்த்த நோயாளிகள் பலருக்கு டி.பி. நமக்கும் டி.பி. ஒன்றும் அந்நியமில்லை.

மூக்கையும் பயன்படுத்துங்கள் என்பார்கள். கீட்டோன் ஏறியவர் மூச்சில் கனிந்து அழுகிய பழ வாடை வரும். எனக்கு அது வரவே வராது. சிலருக்கு அந்த மூக்கு இல்லை; வெட்கப்பட ஒன்றுமில்லை, பக்கத்திலிருப்பவரைக் கேட்டுக்கொள்ளலாம். ஒருமுறை அப்படித்தான் பதினான்கு வயசுப் பையன் ஒருவனை அப்பென்டிக்ஸ் என்று தியேட்டருக்குத் தயார் செய்துவிட்டார்கள். வயிற்று வலி, வாந்தி, தொட்டால் துடிக்கிறான். எல்லாம் பொருந்தியது. மயக்க மருந்து கொடுக்க வந்த அம்மா மட்டும், "ஏன் இவ்வளவு ஆழமா மூச்சு வாங்குறான்? நெஞ்சில ஒண்ணும் இல்லையே" என்றார்கள். குஸ்மால் 1874-இல் எழுதிவைத்த மூச்சு. ஒரு மாதமாகப் பையன் பானைத் தண்ணீரைக் காலி செய்துகொண்டிருந்ததை அப்புறம்தான் அவன் அப்பா சொன்னார். சீனியர்களுக்கு ஞாபகம் இருக்கும்: பெனடிக்ட் டெஸ்டில் செங்கல் நிறம், ரோத்தெராவில் ஊதா வளையம். தியேட்டர் வாசலிலேயே சோதனைக் குழாயை ஆட்டிப் பார்த்தோம். கத்தி வைக்காமலே வயிற்று வலி மறுநாள் போய்விட்டது. அமிலத்தன்மை சரியான பிறகும் வலி இருந்தால் அப்போது சர்ஜனை மறுபடி கூப்பிட வேண்டும். தொற்றுதான் சர்க்கரையை ஏற்றியிருக்கும், இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

இங்கே இளைஞர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முதலில் சலைன், பிறகுதான் இன்சுலின். அதிலும் பொட்டாசியம் 3.5-க்குக் கீழே இருந்தால் அதைச் சரிசெய்யும்வரை இன்சுலினில் கை வைக்காதீர்கள், இதயம் நின்றுபோகும். இன்னொன்று, எங்கள் காலத்தில் இல்லாதது. சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் 'ஃப்ளோசின்' குடும்ப மாத்திரைகள் இப்போது தாராளமாக எழுதப்படுகின்றன. நல்ல மருந்துகள்தான். ஆனால் அவற்றைச் சாப்பிடுகிறவருக்கு மீட்டரில் 180 காட்டும்போதே கீட்டோன் ஏறியிருக்கலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2015-இலேயே எச்சரித்துவிட்டது. மீட்டர் நல்ல நம்பர் காட்டுகிறதே என்று நின்றுவிட்டால் நான் சாராய நெடியோடு நின்ற மாதிரிதான்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த கேஸ். 1997. முப்பத்தெட்டு வயசுப் பெண், கிராமத்திலிருந்து மாமியார் கூட்டிவந்தார். இரண்டு நாளாக வாந்தி, வயிற்றுப்போக்கு. பிரஷர் 70. மூன்று பாட்டில் சலைன் ஏற்றியாயிற்று, டோபமைனும் ஓடுகிறது, பிரஷர் ஏறவில்லை. சர்க்கரை 46. சோடியம் 118. வயிற்றுப்போக்கு உண்மை. ஆனால் அந்த வயிற்றுப்போக்கு அவ்வளவு பெரிதில்லை. அதே வார்டில் அதைவிட மோசமாகப் போனவர்கள் எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கையைப் பிடித்தேன். ரேகை கறுக்கவில்லை, மாறாக மெழுகு மாதிரி வெளுத்த தோல், முகத்தில் வயசுக்கு மீறிய மெல்லிய சுருக்கம். "சார், அக்குள்ல முடியே இல்ல" என்றார் வார்டு சிஸ்டர் மெதுவாக. சிஸ்டர் சொன்னால் கேட்க வேண்டும் என்பதை நான் அதற்குள் கற்றிருந்தேன்.

மாமியாரிடம் போய் உட்கார்ந்தேன். "கடைசிப் பிள்ளைக்கு என்ன வயசும்மா?"

"பதினொண்ணு ஆச்சுய்யா."

"பிரசவத்துல ரத்தம் ரொம்பப் போச்சா?"

"அதையேன் கேக்குறீக. பாய் ரெண்டு நனைஞ்சு போச்சு. பொழைக்க மாட்டான்னுதான் இருந்தோம். ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்துனாக."

"தாய்ப்பால் குடுத்துச்சா?"

"எங்கிட்டு? ஒரு சொட்டு சுரக்கலையே. பசும்பால் ஊத்தித்தான் பயலை வளத்தோம்."

"அதுக்கப்புறம் தூரமாகுறது உண்டா?"

அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார். "அன்னையோட நின்னு போச்சு. ஆபரேசன் பண்ற செலவு மிச்சம்னு விட்டுட்டோம்."

நான்கு கேள்வி. கிளாஸ்கோவில் ஷீஹான் 1937-இல் விளக்கி எழுதிய நோய் அந்தப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டதில் முழுசாக வந்துவிட்டது. பிரசவத்தில் பிள்ளைத்தாய்ச்சிக்கு ரத்தம் போனபோது பிட்யூட்டரி சுரப்பி ரத்தமில்லாமல் செத்திருக்கிறது. பதினொரு வருஷம் அந்தப் பெண் அரைகுறைச் சுரப்போடு வயல் வேலை பார்த்திருக்கிறாள், 'சோம்பேறி' என்று பேர் வாங்கியிருக்கிறாள். மாமியார் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் காட்டினார். பத்து நாள் முன்னால் ஒரு டாக்டர் ரத்தப் பரிசோதனை செய்து, தைராய்டு குறைவு என்று தைராக்சின் முழு அளவில் ஆரம்பித்திருந்தார். அந்த டாக்டர் யாரென்று எனக்குத் தெரியாது, குறை சொல்லவும் மாட்டேன். தைராய்டு குறைவு உண்மைதான். ஆனால் டி4 குறைந்திருந்தும் டி.எஸ்.எச். ஏறவில்லை, கோளாறு மேலே இருக்கிறது என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. அந்த நிலைமையில் ஸ்டீராய்டு கொடுக்காமல் தைராக்சினை மட்டும் கொடுத்தால், மிச்சமிருந்த கொஞ்சநஞ்ச கார்ட்டிசாலையும் உடம்பு வேகமாகச் செலவழித்துவிடும். அதன்மேல் வயிற்றுப்போக்கும் வந்து சேர்ந்தது.

ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி. ரத்தம் ஐந்து மில்லி எடுத்து வைத்துக்கொண்டு, ரிசல்ட்டுக்குக் காத்திராமல் போட்டோம். அதன் பிறகு 24 மணி நேரத்துக்கு 200 மில்லிகிராம் கணக்கில். காலை பத்து மணிக்குப் போட்டது, சாயங்காலம் டோபமைனை நிறுத்திவிட்டோம். மறுநாள் ரவுண்ட்ஸ் போனபோது அந்தப் பெண் மாமியாரிடம் கஞ்சிக்கு ஊறுகாய் இல்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். பதினொரு வருஷத்தில் மருமகள் குரல் உயர்த்தி அன்றைக்குத்தான் கேட்டதாக மாமியார் சொன்னார். சந்தோஷமாகச் சொன்னாரா வருத்தமாகச் சொன்னாரா என்று எனக்குப் புரியவில்லை.

தைராய்டுப் புயல் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மேலே போகிறேன். 104 டிகிரி காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பிதற்றல் என்று வருகிறவரை டைபாய்டு என்று படுக்க வைத்துவிடுவோம். நாடி 160 ஓடினால் கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். அயோடின் கொடுப்பதானால் முதலில் தைராய்டைத் தடுக்கும் மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்துத்தான் அயோடின். விவரம் புத்தகத்தில் இருக்கிறது.

கடைசியாக நம் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள், இதற்காகத்தான் செயலாளரிடம் இந்த 20 நிமிஷத்தையே கேட்டு வாங்கினேன். சுரப்பி பழுதானவர்களைவிட, நாமாகவே அட்ரீனலைத் தூங்கவைத்த ஆட்கள் நம் ஊரில் அதிகம். ஆஸ்துமாவுக்கு, மூட்டுவலிக்கு, தோல் நோய்க்கு மாதக்கணக்கில் பிரெட்னிசலோன். 5 மில்லிகிராமோ அதற்கு மேலோ நான்கு வாரத்துக்கு மேல் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால் விழுந்துவிடக்கூடும். போதாததற்குப் பேரில்லாத பொட்டலங்கள். மூட்டுவலிக்கு 'கைகண்ட மருந்து' என்று வாங்குவார்கள், உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்கும். மலைக்கு மாலை போட்டுக்கொண்டு, விரதத்தில் மருந்து எதற்கு என்று எல்லாவற்றையும் நிறுத்திய ஒருவர் மூன்றாம் நாள் பிரஷர் இல்லாமல் வந்தார். அன்னதானச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று உடன்வந்த சாமிகள் சத்தியம் செய்தார்கள். வட்டமான முகத்தையும், தொட்டால் கன்றிப்போகிற தோலையும் பார்த்துத்தான் பொட்டலத்தைப் பற்றிக் கேட்டோம்.

பிரிட்டனில் 2020-இல் இத்தகையவர்களுக்கு ஒரு அவசர அட்டை கொண்டுவந்தார்கள். சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டியது. அதுபோலத் தமிழில் ஒன்று நாம் அச்சடித்து, இந்த மாவட்டத்து மருந்துக்கடைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கொடுக்கலாம். வாசகம் இவ்வளவுதான்: "நான் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர். இதைத் திடீரென நிறுத்தக் கூடாது. எனக்குக் கடும் வாந்தி, மயக்கம், விபத்து ஏற்பட்டால் உடனே ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மி.கி. ஊசி போடவும்." பின்பக்கத்தில் மருந்தின் பெயர், அளவு, வீட்டு டெலிபோன் நம்பர்.

எங்கள் பேட்ச் முதல் ஆயிரம் அட்டைக்குப் பணம் கட்டியாயிற்று. மற்ற பேட்ச்காரர்களுக்கு ரோஷம் வந்தால் பொருளாளரைப் பார்க்கலாம். மாதிரி அட்டை வெளியே பதிவு மேஜையில் இருக்கிறது. மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் எழுத்துப் பார்த்துக் கொடுத்தார்; இன்னும் பிழை இருந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் சொல்லுங்கள், சாயங்காலம் அச்சகத்துக்குப் போகிறது.